இடது பக்கம் அக்காவுக்கு

தியாகதுருகம்
29 ஜூன் 2025

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வெள்ளிமலைக்குப் போய் போன் போட்டாய். ஆவணியில் மறுபடியும் மலை பஸ்ஸை ஓட்டப் போகிறேன் என்று சொன்னேன். அதற்கப்புறம் உன் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டே மாடி ஏறினேன். என் வீட்டம்மா நிர்மலாதான் கீழே இருந்து சொன்னாள். "சிக்னல்லாம் ஒண்ணும் போவல. உங்க அக்கா போனை வச்சிட்டாங்க. உங்களுக்குதான் புரியல."

அதனால்தான் கடுதாசி. உன் ஊரில் நட்டு வைத்திருக்கும் டவரில் காக்கா மட்டும்தான் பேசுகிறது. இதை இளவரசனிடம் கொடுத்து விடுகிறேன். என் வண்டியை இப்போது அவன்தான் ஓட்டுகிறான். உன் துணை சுகாதார நிலையத்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பான், வாங்கிக்கொள். படிக்காமல் கிழித்தால் எனக்குத் தகவல் வந்துவிடும்.

கை தேறிவிட்டது. மக்காச்சோளம் காயப்போட்டிருந்த ரோட்டில் பைக்கோடு வழுக்கி விழுந்தவன் என்று இப்போது பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். கம்பியை எடுத்துவிட்டார்கள். மணிக்கட்டு திரும்புகிறது. இடது கட்டைவிரல் மட்டும் வீட்டு மாப்பிள்ளை மாதிரி, கூப்பிட்டால் உடனே வராது. துணி கிளிப்பைத் திறந்து திறந்து மூடச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இப்போது துணியை விட கிளிப்தான் ஜாஸ்தி.

முதலாளி சின்னராசுவிடம் போய்க் கேட்டேன். "உங்க அக்கா நர்சம்மா சரின்னு ஒரு வார்த்த சொல்லட்டும், சாவியக் கையில குடுத்துடறேன்" என்றார். ஆக, என் பிழைப்பு உன் வாயில் இருக்கிறது. அதனால் கோபப்படாமல் மேலே படி.

நம்ம நிஞ்ஜா கிடைத்துவிட்டான்! கள்ளக்குறிச்சியில் ஒரு மொபைல் கடையில் டிவியில் சொருகும் சின்னக் குச்சி விற்கிறார்கள். பழைய கேசட் விளையாட்டு எல்லாம் அதற்குள் இருக்கிறது. அதே கறுப்புத் துணிக்காரன், அதே பாட்டு. சின்ன வயதில் மாமா பாண்டிச்சேரியிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டியில் ஒரு ஜாய்ஸ்டிக் வந்த அன்றே செத்துப்போய், மிச்சம் இருந்த ஒன்றை ஆளுக்குப் பாதியாகப் பிடித்து ஆடினோமே. இடது பக்கம், நடக்கிற பட்டன், உனக்கு. வலது பக்கம், தாவலும் கத்தியும், எனக்கு. நேற்று உட்கார்ந்தபோது பழக்கத்தில் உனக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இனிமேல் கிளிப் வேண்டாம். இவனை வைத்தே என் கட்டைவிரலை வழிக்குக் கொண்டுவரப் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம். ஆட்டத்தில் பருந்துப் பாறை வருமே, அங்கே நீ இடது கையால் என்ன செய்வாய்? மறந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதே.

தயா


மலை
3 ஜூலை 2025

தயாவுக்கு,

போனை வைத்தது நான்தான். வைக்காமல் இருந்தால் திட்டியிருப்பேன். திட்டினால் நீ இன்னும் பிடிவாதமாகிவிடுவாய். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

அக்கா என்பதைத் தூக்கி ஓரமாக வை. நர்சாகச் சொல்கிறேன். இந்த மலையில் இருக்கிற கர்ப்பிணிகளை மாதா மாதம் செக்கப்புக்கு நான் அந்த வண்டியில்தான் கீழே அனுப்புகிறேன். ஏறும்போது சரி, எஞ்சின் இழுத்துக்கொள்ளும். இறங்கும்போது? கொண்டை ஊசி வளைவில் வலது கை ஸ்டியரிங்கை ஒடிக்கிற அதே நேரம் இடது கை கியரை இறக்கணும் என்று பெருமையாகச் சொன்னவன் நீதானே. அந்த இடது கையை ஆஸ்பத்திரியில் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் கட்டைவிரல் என் உள்ளங்கையில் செத்த மீனாகக் கிடந்தது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

முதலாளி உன்னை ஆபீசில் உட்கார்ந்து டிக்கெட் கணக்குப் பார்க்கச் சொன்னாராமே. கண்டக்டர் பாவாடை சொன்னான். அவன் வாயில் எதுவும் தங்காது. ஏன் அதை எனக்கு எழுதவில்லை? அந்த வேலைக்கு என்ன குறை? நிழலில் வேலை, நிர்மலா கையால் சூடாகச் சோறு.

பருந்துப் பாறையைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். உனக்கு வழி காட்டி நானே உன்னை அந்த ரோட்டில் ஏற்றிவிட மாட்டேன்.

அக்கா

கடுதாசியை மடித்துவிட்டு மறுபடியும் பிரித்தேன். சரி, ஒரு பந்தயம். அந்த விளையாட்டை முதலிலிருந்து கடைசி வரை முடி. இரண்டு பக்கமும் உன் கையே. நாம் ஒரு நாளும் ஜெயிக்காத அந்தக் கடைசி வில்லனை, நாம் பேர் வைத்த கணக்கு வாத்தியாரைக் கொன்றுவிட்டு வா. இந்தக் காலத்து விளையாட்டில் நடுவிலே நிறுத்திவைத்து, செத்தால் அங்கிருந்தே எழுந்துவருகிற சேவ் வசதி இருக்கிறதாம். அதைத் தொடக்கூடாது. மலை ரோட்டில் அந்தப் பட்டன் கிடையாது. முடித்தாயானால் முதலாளியிடம் நானே பேசுகிறேன். உன் வண்டியில் முதல் ஆளாகவும் ஏறுகிறேன். முடியவில்லையென்றால் ஆபீஸ் நாற்காலி. சம்மதமா?


தியாகதுருகம்
20 ஜூலை 2025

அக்கா,

சம்மதம். சேவ் பட்டன் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். போன தடவை நீ காயத்துக்குக் கொடுத்த அதே பிளாஸ்திரிதான்.

ஆபீஸ் வேலையைப் பற்றி எழுதாததற்குக் காரணம், அதை நான் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, முதல் வளைவில் வண்டி மூக்கைத் தூக்கும்போது எனக்குள் ஒன்று நிமிரும். நாற்காலியில் அது நிமிராது. உனக்கு ஊசி போடத் தெரியும், எனக்கு அந்த ரோடு தெரியும்.

இனி விளையாட்டு. அக்கா, எனக்கு அவமானமாக இருக்கிறது. இத்தனை வருஷமாக நான்தான் பெரிய ஆட்டக்காரன், நீ சும்மா நடக்க வைக்கிறவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வலது கை ஒன்றையும் மறக்கவில்லை. கோடாலிக்காரன் வந்தால் தாவுகிறது, குனிகிறவன் வந்தால் வெட்டுகிறது. இடது கைக்கு மட்டும் அந்த விளையாட்டே தெரியாது. அடிபட்டதால் மட்டும் இல்லை. அது ஒரு நாளும் ஆடியதில்லை. நான் தாவும்போது நீ எந்தப் பக்கம் அழுத்துவாய், எப்போது விடுவாய், எனக்குத் தெரியவே தெரியாது. நான் உன் கையைப் பார்த்ததே இல்லை. டிவியைத்தான் பார்த்தேன்.

பருந்துப் பாறையில் மாட்டிக்கொண்டேன். பறவை வந்து மோதினால் ஆளைப் பின்னால் தூக்கி வீசுகிறது. பின்னால் பள்ளம். விழுந்தால் முதலிலிருந்து. நிர்மலா டீ கொண்டுவரும்போதெல்லாம் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். "ஒரு பறவகிட்ட இத்தினி நாளா தோத்துக்கினு கீறீங்களே, வெளிய சொல்லிடாதீங்க."

வழி சொல்ல மாட்டேன் என்றாய். நான் மறுபடி கேட்கவில்லை. கெஞ்சவும் மாட்டேன். நானே கண்டுபிடிக்கிறேன்.

தயா


மலை
10 ஆகஸ்ட் 2025

தயா,

நேற்று குஞ்சம்மாளுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் பந்தை நான் இடது கையால்தான் அமுக்குவேன், உனக்குத் தெரியும். அமுக்கிக்கொண்டிருக்கும்போதே உன் பருந்து ஞாபகம் வந்தது. கட்டைவிரல் தானாகப் பின்பக்கம் ஒரு தட்டு தட்டியது. "இன்னா நர்சம்மா, கை ஆடுது?" என்று அவள் கேட்டாள். பறவை வருது என்று சொன்னேன். அவள் பயந்துபோய் கூரையைப் பார்த்தாள்.

ஆக, வாய்க்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்திருக்கிறது. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நீ கெஞ்ச மாட்டேன் என்று எழுதியது என்னை என்னவோ செய்தது.

பறவை கண்ணில் பட்டதும் முன்னால் போகாதே. பின்னால் வா. பள்ளம் இருக்கிறதே என்று பயமாக இருக்கும். பாறை ஓரத்தில் கால் வைக்க இடம் இருக்கும், நம்பு. நீ பின்வாங்கினால் பறவை தாழ இறங்கி உன் நெஞ்சுக்கு நேரே வரும். அப்போது விரலை எடுத்துவிடு. அந்த ஒரு நொடி இடது கை எதையும் அழுத்தக்கூடாது. உன் கத்தி மட்டும். வெட்டிய பிறகு முன்னால் போ. இவ்வளவுதான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நீ எப்போதும் அவசரக்காரன், உன் கத்தி வந்துசேரட்டும் என்று நான்தான் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் ஏன் இடது பக்கத்தைக் கேட்டு வாங்கினேன் தெரியுமா? சோற்றில் இடது கை வைத்தால் அம்மா கரண்டிக் காம்பால் ஒன்று போடுவாள். கடையில் இடது கையால் காசு நீட்டினால் கடைக்காரர் வாங்க மாட்டார். "பீச்சாங்கையால தொட்டா எதுவும் வெளங்காதுடி" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். இந்த உலகத்தில் என் இடது கையைப் பாராட்டி "சூப்பர்க்கா" என்று சொன்னது நீ ஒருத்தன்தான். அதுவும் திரையைப் பார்த்துச் சொன்னாய் என்று இப்போதுதான் தெரிகிறது. பரவாயில்லை.

வழி சொன்னதால் வண்டிக்குச் சரி சொன்னேன் என்று நினைக்காதே. பந்தயம் பந்தயம்தான்.

அக்கா


தியாகதுருகம்
14 செப்டம்பர் 2025

அக்கா,

பறவை செத்தது! பின்னால் வந்தேன், விரலை எடுத்தேன், வெட்டினேன். நான் போட்ட சத்தத்தில் நிர்மலா கரண்டியோடு ஓடிவந்தாள்.

விரலை அழுத்துவதை விட எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இந்த விரலுக்கு அழுத்தினால் அழுத்தியபடியே இருக்கத்தான் தெரியும், நேரத்துக்கு விடத் தெரியாது. நீ சொன்னதை வைத்து விட்டு விட்டுப் பழக்கினேன். இப்போது சட்டைப் பட்டன் போட முடிகிறது.

டாக்டரிடம் போயிருந்தேன். கையைத் திருப்பி, மடக்கி, அவர் விரலை இழுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சான்றிதழ் டிவி மேல் இருக்கிறது. முதலாளியிடம் காட்டவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

கணக்கு வாத்தியார் வரைக்கும் போய்விட்டேன். அதே மொட்டைத் தலை, அதே பிரம்பு. தோற்றால் அவன் வாசலில் எழுப்பாமல் பழையபடி பாறைக்குப் பின்னாலேயே கொண்டுபோய் விடுகிறான். ஒவ்வொரு தடவையும் பருந்தைத் தாண்டித்தான் அவனிடம் போக வேண்டும். என்ன புத்தியடா இதைச் செய்தவனுக்கு!

அவன் முன்னால் நின்றபோது அந்த நாள் ஞாபகம் வந்தது. உனக்கும் இருக்கும். மணலூர்பேட்டை வீட்டில் வாத்தியாருக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம். மும்முனைக் கரன்ட் வந்தது என்று அப்பா கரும்புக்கு மோட்டாரைப் போட்டார். வோல்டேஜ் இறங்கி டிவி செத்துப்போனது. நாளைக்கு ஆடலாம் என்று நான் சொன்னேன். மறுநாள் நர்சிங் படிக்க சேலத்துக்கு பஸ் ஏறிவிட்டாய். போகப் போகிறாய் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நான் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. பாதி ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? உன் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது அக்கா. இப்போதுதான் சொல்கிறேன்.

தயா


மலை
12 அக்டோபர் 2025

தயா,

உன் கடுதாசிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதி, இரண்டையும் அடுப்பில் போட்டேன்.

உன்னிடம் நானே சொல்கிறேன் என்று அம்மாவிடம் கேட்டு வைத்திருந்தேன். ஜெயித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். மோட்டார் ஓடியதும் சொல்ல வாய் வரவில்லை. பஸ் கிளம்பும்போது நீ வேலி ஓரத்தில் நின்றாய். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இறங்கியிருப்பேன். இறங்கியிருந்தால் இன்றைக்கு இந்த மலையில் நான் இல்லை.

என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ ஓட்ட மாட்டாய் என்று பயம் இல்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருத்தன். தினமும் அந்த வளைவில் நீ இறங்குகிற நேரத்துக்கு நான் வாசலில் நின்று கீழே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் பயம்.

சரி போ, பந்தயத்தை விட்டுவிடுவோம். டாக்டரே எழுதிக் கொடுத்த பிறகு நான் யார்? முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிளாஸ்திரியையும் பிய்த்துப் போடு.

அக்கா


தியாகதுருகம்
19 அக்டோபர் 2025

அக்கா,

முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பாவப்பட்டு நீ கொடுக்கிற சாவி எனக்கு வேண்டாம். நீ மனசுக்குள் பயந்துகொண்டே என் வண்டியில் ஏறினால் எனக்குத் தெரியாதா? டிரைவருக்கு முன்னால் கண்ணாடி இருக்கிறது. அதில் எல்லார் முகமும் தெரியும். உன் முகத்தை அப்படிப் பார்த்துக்கொண்டு என்னால் ஓட்ட முடியாது.

டாக்டர் என் கையைத்தான் பார்த்தார். நீ கேட்டது வேறு. களைத்துப்போனாலும், கோபம் வந்தாலும், நூறு தடவை தோற்றாலும் இந்த விரல் அந்த நொடியில் சொன்னதைக் கேட்குமா என்றுதான் கேட்டாய். நல்ல கேள்வி. பதில் எனக்கே வேண்டும்.

பிளாஸ்திரி அழுக்காகிவிட்டது. புதுசு ஒட்டியிருக்கிறேன்.

தயா


மலை
16 நவம்பர் 2025

தயா,

மழையில் மண் சரிந்து வண்டி வராமல் இருந்தது சரி. இப்போது வருகிறதே! இளவரசன் ஹாரன் அடிக்கிறான், நான் ஓடிவருகிறேன், வெறுங்கையை விரித்துக் காட்டுகிறான். பாவாடை வேறு பின்னால் இருந்து சிரிக்கிறான். வாத்தியார் உன்னைத் தின்றே விட்டாரா? தோற்றாலும் பரவாயில்லை, தோற்றேன் என்று எழுது.

அக்கா


தியாகதுருகம்
7 டிசம்பர் 2025

அக்கா,

எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை. தோற்றேன், தோற்றேன், தோற்றேன் என்று எழுதி அனுப்ப ஒரு கடுதாசியா?

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். விரல் அன்றைக்கு நான் நினைப்பதற்கு முன்னாலேயே போனது. பருந்து ஒரே தடவையில் செத்தது. வாத்தியார் வந்தார். அவருக்கு இரண்டு கோடு உயிர் மிச்சம். நம்ப மாட்டாய், அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போய்விட்டது! இருட்டின டிவியில் என் முகம்தான் தெரிந்தது. கத்தவில்லை, ஜாய்ஸ்டிக்கைத் தூக்கி எறியவில்லை. சிரிப்புதான் வந்தது. அப்பா மேலே இருந்து மோட்டாரைப் போட்டுவிட்டார் என்றேன். நிர்மலா சிரிக்கவில்லை. "இன்னிக்கு வுட்டுடுங்க. எனக்கே மனசு கேக்கல" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

கரன்ட் வந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவளும் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீ உட்காரும் பக்கம்.

வாத்தியாரிடம் நான் செய்துவந்த தப்பு அப்போதுதான் தெரிந்தது. பருந்துக்குச் சொன்னதை நான் பருந்துக்கு மட்டும் என்று நினைத்துவிட்டேன். அவர் பிரம்பை ஓங்கும்போது முன்னால் பாயாமல் பின்னால் வந்தேன். விரலை எடுத்தேன். காத்திருந்தேன். கத்தி வந்துசேர்ந்தது. அக்கா, வாத்தியார் விழுந்துவிட்டார்!

சாட்சி நிர்மலா. அவளுக்குப் பொய் வராது, அதுவும் எனக்காகச் சொல்லவே மாட்டாள்.

இனி நீ திட்டப்போகும் விஷயம். அவர் விழுந்து திரை வெள்ளையானது. முடிவுப் படம் வர ஆரம்பித்தது, பாட்டு மாறியது. நான் எழுந்துபோய் சுவிட்சை அணைத்துவிட்டேன். நிர்மலா தலையில் அடித்துக்கொண்டாள். "பைத்தியமா நீங்க? இத்தினி மாசம் எதுக்கு ஆடினீங்க?"

அதை நீயும் நானும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். நீ வரும் அன்றைக்கு, உன் கண் முன்னால், முதலிலிருந்து மறுபடியும் ஜெயிப்பேன். ஜெயிக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகமே இல்லை. மலையை ஒரு தடவை இறங்கிக் காட்டுகிறவன் டிரைவர் இல்லை அக்கா. தினமும் இறங்குகிறவன்தான் டிரைவர்.

இப்போது சொல், முதலாளியிடம் பேசுவாயா?

தயா


மலை
11 டிசம்பர் 2025

தயா,

பேசிவிட்டேன். நேற்றே வெள்ளிமலைக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டேன். "நர்சம்மா, உங்களுக்கு முழு சம்மதந்தானே?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் முழு சம்மதம் என்றேன். திங்கட்கிழமை காலையில் உனக்குச் சாவி. இளவரசனுக்கு வேறு ரூட் கொடுக்கிறார்களாம். போகும்போது அவனுக்கு நல்லதாக ஒரு வேட்டி எடுத்துக் கொடு. தபால்காரன் வேலையையும் சேர்த்துப் பார்த்தான்.

நீ ஜெயித்ததைப் படித்தபோது சந்தோஷப்பட்டேன். டிவியை அணைத்ததைப் படித்தபோதுதான் அழுதேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வாசலில் நின்று பார்ப்பேன், அது என் குணம். ஆனால் திங்கட்கிழமை மூன்று கர்ப்பிணிகளை செக்கப்புக்குக் கீழே கூட்டிப்போக வேண்டும். வேறு வண்டி பார்க்கவில்லை. உன் வண்டியில்தான் வருகிறோம். உனக்கு இடது பக்கத்தில் இருக்கும் எஞ்சின் ஓரத்து சீட்டு எனக்கு. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்காதே. ரோட்டைப் பார்.

சாயங்காலம் உன் வீட்டில் அந்த முடிவைப் பார்ப்போம். நிர்மலாவைக் குழம்பு வைக்கச் சொல்.

வழக்கம்போல வாசலில் நிறுத்தி ஹாரன் அடி. கையில் ஒரு கடுதாசியோடு நிற்பேன். யார் பார்த்து என்ன சொன்னாலும் சரி, அதை இடது கையால்தான் நீட்டுவேன். நீயும் இடது கையாலேயே வாங்கு.

அக்கா